பைபாஸுக்குப் பிறகு பத்து வருடம்: எங்கே தவறுகிறோம்?

"ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?" இதய பைபாஸ் முடிந்து ஒரு வருடம் நன்றாக நடமாடியதும் பல வீடுகளில் இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் பைபாஸில் இதய ரத்தக் குழாயில் உள்ள அடைப்பை எடுப்பதில்லை. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறொரு குழாயை வைத்துத் தைக்கிறார்கள், அவ்வளவுதான். கொழுப்பு படியும் நோய் உடம்பில் அப்படியே இருக்கிறது.

வைத்துத் தைக்கும் குழாய்களும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. மார்பின் உட்புறத் தமனியை இதயத்தின் முன்பக்கத் தமனியோடு இணைத்தால், பத்து வருடம் கழித்தும் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குத் திறந்தே இருக்கும். 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் அறுவை மருத்துவர் ரெனே ஃபவலோரோ பயன்படுத்தத் தொடங்கிய கால் சிரை அப்படியல்ல. குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய குழாய் அது. தமனியின் வேகத்தில் ரத்தம் பாயும்போது அதன் உட்சுவர் தடித்து, கொழுப்பு சீக்கிரம் படிகிறது. பத்து வருடத்தில் இந்தச் சிரைகளில் ஏறக்குறைய பாதி அடைபட்டுவிடுகின்றன. இன்றும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று இணைப்புகள் கால் சிரையில்தான்.

அதனால்தான் கொழுப்பு 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்ததும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவதைப் பெரிய தவறு என்பேன். அந்த நார்மலே மாத்திரையால் வந்தது. லேப் தாளில் அச்சடித்த 100 என்ற வரம்பும் இவர்களுக்குப் பொருந்தாது, எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டும், 55-க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. பல் பிடுங்கப் போகிறோம் என்று, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினைத் தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் நிறுத்தாமலே பல்லை எடுத்துவிடலாம். இதய மருத்துவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். சிகரெட், பீடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றுகூடக் கூடாது.

ஆபரேஷனில் அறுத்த நெஞ்செலும்பு சேர 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. அதற்காக, நெஞ்சைத் திறந்த உடம்பாச்சே என்று வருடக்கணக்கில் நாற்காலியிலேயே உட்கார வைப்பது அன்பாகத் தெரிந்தாலும் கெடுதல்தான். தினமும் நடக்க விடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மறுபடி அடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காமலே போகலாம். மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ, காரணமில்லாமல் வியர்த்தாலோ, வாயு என்று சோடா குடித்துப் படுக்காமல் உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரி. எந்தக் குழாயை எங்கே இணைத்தார்கள் என்பது அதில் இருக்கும். பிற்பாடு, சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோ தேவைப்பட்டால் அதைப் பார்த்துத்தான் இணைப்புகளைத் தேடுவார்கள். தாள் இல்லையென்றால் தேடும் நேரமும் கூடும், செலுத்தும் சாயமும் கூடும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது ஆபத்து. இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்துவிடுங்கள்.