எம்.எல்.ஏ. ஆபீஸ் எந்த ஊரில்? விடுமுறையில் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பையில் பரிசுப் பொருளோடு ஒரு வேலைப் பட்டியலும் இருக்கும். அப்பா பெயரில் நிற்கும் பட்டாவை மாற்ற வேண்டும், வீட்டுக்குப் போகும் பாதையை யாரோ வேலி போட்டு மறித்திருக்கிறார்கள், தெருவுக்குக் குடிதண்ணீர் வரவில்லை. "எம்.எல்.ஏ. ஆபீஸில் ஒரு மனு கொடுத்துட்டுப் போப்பா" என்பார் சித்தப்பா. எந்த எம்.எல்.ஏ., அவருடைய ஆபீஸ் எந்த ஊரில் என்று கேட்டால் அவருக்கே பல சமயம் தெரியாது.

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 38 மாவட்டங்கள். இன்றைய தொகுதி எல்லைகள் 2008 மறுசீரமைப்பில் வந்தவை. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் 2019இலும் மயிலாடுதுறை 2020இலும் பிரிந்தன. மாவட்டமும் தாலுகாவும் மாறிக்கொண்டே போக, தொகுதிக் கோடு அப்படியே நிற்கிறது. அதனால் தாலுகா ஆபீஸ் இருக்கும் ஊரில்தான் எம்.எல்.ஏ. ஆபீஸும் இருக்கும் என்று கிளம்பாதீர்கள். ஊரில் இருக்கும் உறவினர் யாருடைய வாக்காளர் அட்டையையாவது வாங்கிப் பாருங்கள். தொகுதியின் எண்ணும் பெயரும் அதில் இருக்கும்.

எண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருப்பத்தூர் என்றே இரண்டு தொகுதிகள் இருக்கின்றன: 50ஆம் எண் வடக்கே திருப்பத்தூர் மாவட்டத்தில், 185ஆம் எண் சிவகங்கை மாவட்டத்தில். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ செட்டிநாட்டுப் பக்கம் போகிறவர்கள் இணையத்தில் தேடி எடுக்கும் முகவரி சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும்.

மலைத் தொகுதிகளில் இன்னொரு சிக்கல். வால்பாறை என்று பெயர் இருந்தாலும் ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர் போன்ற சமவெளி ஊர்களும் அந்தத் தொகுதிதான். வால்பாறைக்கும் சமவெளிக்கும் நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு தொகுதியும் அப்படித்தான், அடிவாரத்து வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமெல்லாம் அதில் சேர்ந்தவை. இப்படிப்பட்ட இடங்களில் ஆபீஸ் மலைமேலா கீழேயா என்று விசாரிக்காமல் கார் ஏறினால் ஒரு நாள் போய்விடும். நகரத்தில் தூரம் பிரச்சினை இல்லை, கூட்டம்தான். சோழிங்கநல்லூரில் 2021 தேர்தலின்போது ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஒரு உறுப்பினர்தான்.

பாஸ்போர்ட், வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர், அங்கே இறந்தவரின் உடலைக் கொண்டுவருவது போன்றவை மத்திய அரசு சம்பந்தப்பட்டவை, அதற்கு எம்.பி.தான் சரியான ஆள். இங்கே புதுக்கோட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டும். 2008இல் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போய், மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நாலு பக்கம் சிதறின. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. வளைகுடாவுக்கு இவ்வளவு பேரை அனுப்பும் மாவட்டத்துக்குத் தன் பெயரில் ஒரு எம்.பி. இல்லை என்பது என்ன நியாயமோ!

பல தொகுதிகளில் அரசு கட்டிக்கொடுத்த 'சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்' இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் உதவியாளர்தான் இருப்பார். ஆளையே பார்க்க வேண்டுமென்றால் காலையில் வீட்டு வாசலில் பார்ப்பதுதான் பல ஊர்களில் வழக்கம். சட்டமன்றம் கூடும் நாட்களில் அவர் சென்னையில் இருப்பார். அப்போது ஓமந்தூரார் அரசினர் தோட்டத்து உறுப்பினர் விடுதியில் விசாரிக்கலாம். முகூர்த்த நாளில் போகவே போகாதீர்கள், மண்டபம் மண்டபமாகச் சுற்றிக்கொண்டிருப்பார். டிசம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி: மார்கழியில் கல்யாணம் கிடையாது.

போனதும் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஓட்டு எந்த பூத்?" என்பதாக இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 6ஏ படிவம் கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவருக்கு, இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவர் மனு கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த ஊரிலேயே இருக்கிற அண்ணனையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சு வேறு மாதிரி நடக்கும். பொதுப் பிரச்சினை என்றால் மனு அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

மனுவைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நிலம் என்றால் கிராமத்தின் பெயர், சர்வே எண், பட்டா எண், ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் அந்த விண்ணப்ப எண். நகல் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ஒரு பரிந்துரைக் கடிதமோ தாசில்தாருக்கு ஒரு போனோதான். பட்டா மாற்றமும் வாரிசுச் சான்றிதழும் வருவாய்த் துறை வேலை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்காமல் நேரே எம்.எல்.ஏ.விடம் போனால், "முதல்ல அப்ளை பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அனுப்புவது சரியும்கூட. பட்டா விவகாரத்துக்கு மே, ஜூன் வாக்கில் தாலுகா ஆபீஸில் கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனுக்களும் வாங்கும் ஜமாபந்தி இதைவிட நல்ல வழி. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளும், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் இருக்கின்றன. ஊருக்குச் சாலை, பள்ளிக்கு வகுப்பறை, நிழற்குடை என்றால் எம்.எல்.ஏ. ஆபீஸே சரியான இடம். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கு வேலைகளைப் பரிந்துரைக்கும் உரிமை அவருக்கு உண்டு.

பிரான்சிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 30 தொகுதிகளில் 23 புதுச்சேரியில், 5 காரைக்காலில், மாஹேயிலும் ஏனாமிலும் ஒவ்வொன்று. தொகுதிகள் சிறியவை, சில நகர்ப்புறத் தொகுதிகளில் நடந்தே போய்விடலாம். மக்களவை எம்.பி. மட்டும் எல்லோருக்கும் சேர்த்து ஒருவர்தான்.

டிக்கெட் போடும் முன் தேர்தல் ஆண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடத்தை விதிகள் வந்த அன்றே அரசுக் கட்டடத்தில் இருக்கும் எம்.எல்.ஏ. ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். 2021இல் பிப்ரவரி 26 அன்று விதிகள் அமலுக்கு வந்தன, வாக்கு எண்ணிக்கை மே 2. அந்த மாதங்களில் கலெக்டரின் திங்கட்கிழமைக் கூட்டமும் நிறுத்தப்படும். அலுவலக வாசலில் மனுப் பெட்டி வைத்திருந்தால் அதில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.