ஆப்பிரிக்கக் குடியேறிகளின் கல்வித் தகுதியை ஒப்பிடுவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்கக் குடியேறிகளின் படிப்பைப் பிறருடன் ஒப்பிடும்போது, 25 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கான அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் இளையோரைச் சேர்த்தால் பட்டதாரி விகிதம் குறைந்து தெரியும். 2019-இல் சகாராவுக்குத் தெற்கிலிருந்து வந்தோரில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினரும், அமெரிக்காவில் பிறந்தோரில் சுமார் 33 விழுக்காட்டினரும் பட்டதாரிகள்.

இந்தச் சராசரியோடு நின்றுவிடாமல் பிறந்த நாடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள்: நைஜீரியரில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்றவர்கள், பெரும்பாலும் அகதிகளாக வந்த சோமாலியரிடம் அந்த விகிதம் மிகக் குறைவு. பன்முக விசாக் குலுக்கலில் (அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான குலுக்கல் திட்டம்) தேர்வானவருக்கும் முழுப் பள்ளிப் படிப்போ, பயிற்சி தேவைப்படும் தொழிலில் ஈராண்டு அனுபவமோ வேண்டும் என்பதால், வந்தவர்களை வைத்துத் தாய்நாட்டையே எடைபோடுவது (பலரும் சறுக்குமிடம் இதுதான்) பொருந்தாது. பட்டத்தை வருமானத்தோடு குழப்பவும் வேண்டாம். வெளிநாட்டுச் சான்றிதழ் ஏற்கப்படாமல் டாக்சி ஓட்டுபவரும் இதே கணக்கில் பட்டதாரிதான்.