பழைய 16 மில்லிமீற்றர் புரொஜெக்டருடன் கணினி ஒலியைத் தொடக்கத்திலேயே பொருத்துவது எப்படி?

ஒலித்தடம் கெட்டுப்போன 16 மில்லிமீற்றர் படச்சுருளைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் காட்டும்போது, ஒலியை மடிக்கணினியிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால் போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கணினி உடனே சரியான வேகத்தில் ஒலிக்கும். புரொஜெக்டரின் மோட்டருக்கோ செக்கனுக்கு 24 பிரேம் (பிலிமில் உள்ள தனித்தனிப் படங்கள்) என்ற வேகத்தை எட்டச் சற்று நேரம் பிடிக்கும், அந்த நேரமும் இறுகிய எண்ணெய், தளர்ந்த பெல்ற், மின்னழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு தடவையும் மாறும். ஆகவே மோட்டர் சீரான வேகத்துக்கு வந்தபின், பிலிமில் உள்ள குறியைப் பார்த்தே ஒலியைத் தொடங்க வேண்டும்.

சுருளின் முகப்பில் 8 முதல் 2 வரை எண்கள் இறங்கிவரும் லீடரை, அதாவது படத்துக்கு முன் ஓடும் பிலிம் துண்டை, ஒட்டுங்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு செக்கன். கடைசியான 2 ஒரேயொரு பிரேமில் மின்னி மறையும். அதன்பின் 47 பிரேம்கள் கறுப்பாக ஓடிப் படம் தொடங்கும். ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் 5 செக்கன் மௌனம் சேர்த்து, அதில் 3 செக்கன் கழிந்த இடத்தில் ஒரு சிறு ‘பீப்’ வையுங்கள். திரையில் 5 தோன்றும் கணத்தில் கோப்பை இயக்கினால், 2 மின்னும்போது ‘பீப்’ கேட்க வேண்டும். எண்ணைக் கண்டபின் அழுத்தினால் கை நான்கைந்து பிரேம் பிந்திவிடும். 8, 7, 6 என்று தாளம் பிடித்து, 5 விழும் இடத்தில் விரலும் விழ வேண்டும். ‘பீப்’ தவறினால் சுருளைத் திருப்பி மீண்டும் தொடங்குவதே நல்லது.

மின்பிறப்பாக்கியில் படம் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விளக்கு எரிந்ததும் சிறிய மின்பிறப்பாக்கி திணறும். 50 ஹேர்ட்ஸ் 49 ஆகக் குறைந்தால், அந்த அதிர்வெண்ணோடு ஒட்டிச் சுழலும் மோட்டர் 2 வீதம் மெதுவாகும், நிமிடத்துக்கு ஒரு செக்கனுக்கும் மேல் படம் பிந்தும். எனவே லீடருக்கு முன் ஐந்து அடி வெற்றுப் பிலிம் ஒட்டி, அது ஓடும் எட்டுச் செக்கனுக்குள் விளக்கை ஏற்றிவிடுங்கள். ஓடாத பிலிமுக்குப் பின்னால் விளக்கை ஏற்றவே கூடாது, பிலிம் கருகிவிடும்.

அறுந்து ஒட்டிய சுருளில் இழந்த பிரேம்களின் எண்ணிக்கைக்குச் சமமாகக் கறுப்புப் பிலிம் சேர்க்காவிட்டால், தொடக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஒட்டுக்குப் பின் ஒலி பிந்தும். 24 பிரேம் போனால் ஒரு செக்கன். இழப்பை ஊகிக்காமல், ஒலிக்கோப்போடு ஒப்பிட்டு மேசையில் வைத்தே எண்ணுங்கள்.

ஒலிபெருக்கிகளைத் திரையின் அருகில் வையுங்கள். ஒலி ஒரு பிரேம் நேரத்தில் ஏறத்தாழ 14 மீற்றர்தான் செல்லும். திறந்த மைதானத்தில் கடைசி வரிசை 30 மீற்றருக்கு அப்பால் இருக்குமானால், அங்கிருப்பவர்களுக்கு உதட்டசைவும் குரலும் இரண்டு பிரேம் விலகியிருக்கும். அத்தகைய இடத்தில் கோப்பின் மௌனத்தை ஒரு பிரேம் குறைத்துவிடுவது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பொருந்தும்.