தங்கை பெற்ற குழந்தையைச் சட்டப்படி தத்தெடுப்பது எப்படி?

என் தங்கைக்கு மூன்றாவது பிரசவம் நெருங்கியபோது, குழந்தையை எங்களுக்கே கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தோம். அப்போது உறவுக்காரர் ஒருவர் சொன்னார்: "ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே உன் பெயரைக் கொடுத்துடும்மா. பிறப்புச் சான்றிதழ் நேரா உன் பெயர்லயே வந்துடும்."

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அது பொய்ப் பதிவு. நாளைக்குச் சொத்துத் தகராறிலோ மருத்துவப் பரிசோதனையிலோ வெளியே வந்தால், நடுத்தெருவில் நிற்கப்போவது அந்தக் குழந்தைதான். முறையான வழி இருக்கிறது, அதில் போவோம்.

படி 1: எந்தச் சட்டம்?

இந்துக்கள் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி எடுக்கலாம். பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி உறவினர் என்றால் குழந்தையின் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோர்தான். காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போக வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

நாங்கள் போனது 1956 சட்டத்தின் வழி. இனி வருவது அதைப் பற்றி.

படி 2: தகுதி

மகனோ மகன் வழிப் பேரனோ இருந்தால் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மகளோ மகன் வழிப் பேத்தியோ இருந்தால் பெண் குழந்தையை எடுக்க முடியாது. இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் 2015 சட்டத்தின் வழியைப் பாருங்கள், அதில் இந்தத் தடை இல்லை.

படி 3: பிறப்பைப் பதிவு செய்தல்

பெற்றவர்கள் பெயரிலேயே, 21 நாட்களுக்குள்.

படி 4: சம்மதம்

கொடுக்கும் தம்பதி, எடுக்கும் தம்பதி, நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது. பால் கட்டி, காய்ச்சலில் கிடக்கும் பெண்ணிடம் பத்திரத்தை நீட்டாதீர்கள். இருபதாம் நாள் தங்கை, "வேண்டாம்க்கா, என்னால முடியாது" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு முழுக்க அழுதேன், ஆனால் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. பத்து நாள் கழித்து அவளாகவே கூப்பிட்டாள்.

தத்துக்காகப் பணமோ பொருளோ கைமாறக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை.

படி 5: கொடுத்து வாங்குதல்

தத்த ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் குழந்தையை அவர்கள் கொடுக்க, நீங்கள் வாங்குவது உண்மையாகவே நடந்திருக்க வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் செய்து, போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டுப் பூஜை அறையில், தங்கை மடியிலிருந்து எடுத்தபோது குழந்தை அவள் தாலிக்கொடியை இறுகப் பிடித்திருந்தது. ஒவ்வொரு விரலாக அவளே பிரித்துவிட்டாள்.

படி 6: தத்துப் பத்திரம்

வழக்கறிஞரிடமோ பத்திர எழுத்தரிடமோ எழுதி வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். தத்து நடந்த நாள், இடம், நால்வரின் சம்மதம், பணம் கைமாறவில்லை என்ற வாசகம், இவை கட்டாயம் இருக்கட்டும். நால்வரும் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகளும் வர வேண்டும். ஆதார், புகைப்படங்கள், திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அப்படிப் பதிந்த பத்திரம் இருந்தால், தவறென்று யாராவது நிரூபிக்காத வரை, தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 16). முறையாக நடந்த தத்தைப் பின்னால் யாரும் ரத்து செய்யவும் முடியாது (பிரிவு 15). இந்த இரண்டுக்காகவாவது பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 7: அதற்கப்புறம்

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு விஷயம்: 3 மாதத்துக்குட்பட்ட குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தால், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் 12 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு.

பத்திர நகலை வைத்துப் பிறப்புப் பதிவாளரிடம் பெற்றோர் பெயரை மாற்ற மனு கொடுங்கள். நாங்கள் போன அலுவலகத்தில் கோர்ட் ஆர்டர் வேண்டும் என்றார்கள். பிரிவு 16-ஐக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டோம். நான்கு முறை நடந்தபிறகு வேலை முடிந்தது. குழந்தையின் ஆதாரை அதுவரை எடுக்காதீர்கள். திருத்திய சான்றிதழைக் காட்டி எடுத்தால், அதில் பெற்றோர் பெயருக்காகத் திரும்ப ஒருமுறை அலைய வேண்டியிருக்காது.