அட்டையில் இருப்பவர் வேறு, வரைந்தவர் வேறு: வெள்ளையரல்லாத காமிக்ஸ் படைப்பாளிகளைத் தேடும்போது செய்யும் தவறுகள்

பிளாக் பாந்தர் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கறுப்பினத்தவர் எழுதின காமிக்ஸ் படிக்கணும், பிளாக் பாந்தர்லயே ஆரம்பிக்கட்டுமா?" ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் 1966-ல் அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவருமே நியூயார்க்கில் யூதக் குடும்பங்களில் பிறந்த வெள்ளையர்கள். 1972-ல் வந்த கறுப்பின சூப்பர் ஹீரோ லூக் கேஜின் எழுத்தாளரும் வெள்ளையர்தான். மைல்ஸ் மொராலஸ் என்ற கறுப்பின ஸ்பைடர்மேன் 2011-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி, இத்தாலிக்காரரான சாரா பிகெல்லி வரைந்து பிறந்தவன். நல்ல கதைகள்தான், நானும் ரசித்துப் படித்தவைதான். ஆனால் நீங்கள் தேடியது பாத்திரத்தையா, படைத்தவரையா? இந்தக் குழப்பம்தான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதன் கிளைகள் என்றே சொல்லுவேன்.

அமெரிக்காவில் 'கிரியேட்டர்ஸ் ஆஃப் கலர்' என்கிறார்கள். தமிழில் 'நிறம் உள்ள படைப்பாளிகள்' என்று போட்டால் சிரிப்புதான் வரும், அதனால் வெள்ளையரல்லாதவர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர், லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), பூர்வகுடிகள் எல்லோரும் இதில் அடக்கம். இது அமெரிக்கப் பதிப்புலகத்தில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற சண்டையிலிருந்து வந்த சொல். அதனால் "நான்தான் பத்து வருஷமா ஜப்பானிய மங்கா படிக்கிறேனே" என்று கணக்குத் தீர்த்துவிட முடியாது. ஜப்பானில் ஜப்பானியர் பெரும்பான்மை, அவர்களுக்குப் பின்னால் அத்தனை பெரிய பதிப்புத் தொழிலே நிற்கிறது. மங்கா படியுங்கள், தாராளமாக. இது வேறு தேடல்.

சரி, படைத்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பக்கங்களில் பொடி எழுத்தில் எழுத்தாளர், ஓவியர், பென்சில் கோடுகளின் மேல் மை பூசியவர், வண்ணம் தீட்டியவர், எழுத்துரு வரைந்தவர், எடிட்டர் என்று ஒரு பட்டியல் இருக்கும். நாம் எல்லோரும் புரட்டித் தள்ளும் பக்கம் அது. அங்கே இரண்டு நிமிஷம் நில்லுங்கள். அதே பிளாக் பாந்தரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1998-ல் தொடங்கிய தொடரை எழுதியவர் கிறிஸ்டோபர் பிரீஸ்ட், 2016-ல் தொடங்கியதை எழுதியவர் டா-நெஹிசி கோட்ஸ், இருவரும் கறுப்பினத்தவர். எழுபதுகளில் அதே பாத்திரத்தைப் பல இதழ்களில் வரைந்த பில்லி கிரகாமும் கறுப்பினத்தவர், லூக் கேஜின் முதல் இதழிலேயே மை பூசியவர். ஆக, பிளாக் பாந்தர் படிக்கலாமா என்பதைவிட எந்த பிளாக் பாந்தர் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பெயரை மட்டும் வைத்துத் தேடுவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பில்லி கிரகாம் என்று இணையத்தில் போட்டால் உலகப் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பிரசங்கிதான் வரிசையாக வருவார். கிறிஸ்டோபர் பிரீஸ்ட் என்று போட்டால் அதே பெயருள்ள ஆங்கிலேய நாவலாசிரியர் வந்து நிற்பார். கூடவே பாத்திரத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், பெயரைப் பார்த்து இனத்தை ஊகிக்கவே வேண்டாம். நாட் டர்னரின் அடிமைக் கிளர்ச்சியைக் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் வரைந்து 2005-ல் தானே வெளியிட ஆரம்பித்த கைல் பேக்கர் என்ற பெயரிலிருந்து நீங்கள் என்ன கண்டுபிடிப்பீர்கள்? அவர் கறுப்பினத்தவர். எதிர்ப்பக்கம், மிஸ் மார்வெலாக வரும் பாகிஸ்தானிய அமெரிக்க முஸ்லிம் பெண் கமலா கானை எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவிய வெள்ளை அமெரிக்கப் பெண். ஆனால் அந்த யோசனைக்கு விதை போட்டது எடிட்டர் சனா அமானத், பாகிஸ்தானிய அமெரிக்கர், தன் சின்ன வயசுக் கதைகளை அலுவலகத்தில் சொல்லப்போய் அது வளர்ந்தது. எடிட்டர் பெயர் வரைக்கும் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதையே தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு தவறு தெரியும். வெள்ளையரல்லாதவர்கள் ஏதோ இப்போதுதான் காமிக்ஸுக்குள் வந்தார்கள் என்ற நினைப்பு. 1991-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போய் கின்னஸில் ஏறியது, அதை வரைந்தவர் சியோலில் பிறந்த ஜிம் லீ. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தெற்கு மாநிலங்களின் படையில் இருந்த, முகம் சிதைந்த ஜோனா ஹெக்ஸ், இதைவிட 'வெள்ளை' கௌபாய் கதை இருக்க முடியாது, 1972-ல் அவனுக்கு அந்த முகத்தைக் கொடுத்தவர் பிலிப்பைன்ஸ்காரர் டோனி டிசூனிகா. நாற்பதுகளில் ஃபேண்டம் லேடியை வரைந்த மேட் பேக்கர் கறுப்பினத்தவர், 1950-லேயே ஒரு புத்தக நீளக் கதையை வரைந்தவர், கிராஃபிக் நாவல் என்ற பெயரெல்லாம் அப்போது புழக்கத்திலேயே இல்லை.

ஜார்ஜ் ஹெரிமன் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எலி செங்கல்லால் அடிக்கும், அடி வாங்கும் பூனை அதைக் காதல் என்று நினைத்து உருகும், பூனையைக் காதலிக்கும் போலீஸ் நாய் எலியைப் பிடித்து உள்ளே போடும். கிரேஸி கேட் என்ற இந்த நாளிதழ்ச் சித்திரத்தை 1913-லிருந்து 1944-ல் இறக்கும்வரை வரைந்தார். கூட வேலை பார்த்தவர்கள் சிலர் அவரை கிரேக்கர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இறப்புச் சான்றிதழில் வெள்ளையர் என்று இருக்கிறது. 1971-ல் ஓர் ஆய்வாளர் நியூ ஆர்லியன்ஸ் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 'கலர்ட்' என்று எழுதியிருக்கிறது, கறுப்பின வம்சாவளியினரை அப்போது குறித்த சொல். அதைத் தெரிந்துகொண்டு அந்தப் பூனையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் பின்னணி மாறும், பூனை ஆணா பெண்ணா என்று கடைசிவரை முடிவாகாது, யார் யார்மேல் ஏன் கல்லெறிகிறார்கள் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அர்த்தம் வைத்திருப்பார்கள். எனக்கு முதல் தடவை வந்த சிரிப்பு இரண்டாம் தடவை வரவில்லை, வேறு ஏதோ வந்தது.

அடுத்தது எழுத்தாளர் பெயரை மட்டும் பார்ப்பது. நாவல் படித்துப் பழகியவர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம், புத்தகம் என்றால் எழுதியவருடையது என்றே மனசு போகும். கனடாவில் பரிசுக்குழுவே இதைச் செய்தது. மரிகோ தமாகி எழுத, ஜிலியன் தமாகி வரைந்த 'ஸ்கிம்' 2008-ல் கவர்னர் ஜெனரல் இலக்கியப் பரிசின் இறுதிப்பட்டியலுக்கு வந்தபோது எழுத்துப் பிரிவில் மரிகோவின் பெயர் மட்டும் இருந்தது. செஸ்டர் பிரவுன், செத் என்ற இரண்டு கார்ட்டூனிஸ்டுகள் திறந்த மடல் எழுதினார்கள்: காமிக்ஸில் எழுத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது, படமும் எழுத்துதான் என்று. பட்டியல் மாறவில்லை. 2014-ல் அதே இருவரின் 'திஸ் ஒன் சம்மர்' புத்தகத்துக்கு ஜிலியன் ஓவியப் பிரிவில் அந்தப் பரிசை வாங்கினார். இன்னொன்று, ஒரே புத்தகத்தில் இரண்டு பேரின் பின்னணி வேறுவேறாக இருக்கும். ஜான் லூயிஸின் சிவில் உரிமைப் போராட்ட வாழ்க்கையைச் சொல்லும் 'மார்ச்' மூன்று பாகங்களையும் வரைந்த நேட் பவல் வெள்ளையர். ஐவரி கோஸ்டில் பிறந்த மார்கரீத் அபுவே எழுதும் 'அயா' தொடரை வரைபவர் பிரெஞ்சுக்காரர். அதனால் புத்தகம் தள்ளுபடி ஆகிவிடாது. யார் எதைச் செய்தார் என்று தெரிந்திருந்தால் அடுத்து யாரைத் தொடர்வது என்பது தெளிவாகும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பக் கோபம் வரும் தவறு ஒன்று இருக்கிறது. வெள்ளையரல்லாதவர் என்றால் கஷ்டத்தைத்தான் எழுத வேண்டும், அடிமைத்தனம், அகதி வாழ்க்கை, இனவெறி, இதில் ஒன்றாவது இல்லாவிட்டால் அது 'உண்மையான' புத்தகம் இல்லை என்கிற எதிர்பார்ப்பு. நைஜீரிய அமெரிக்கரான இங்கோசி உகாசு எழுதி வரைந்த 'செக், ப்ளீஸ்!' கதையின் நாயகன் 'பை' (pie) என்ற பலகாரம் சுடுவதில் கில்லாடியான ஒரு வெள்ளைக்காரப் பையன், கல்லூரியில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான், அணித் தலைவனிடம் மனசைப் பறிகொடுக்கிறான். அவருக்கு ஹாக்கிக் கதை சொல்லத் தோன்றியது, சொன்னார். ஜமீலா ரௌசர் எழுதி ராபின் ஸ்மித் வரைந்து 2018-ல் வந்த 'வாஷ் டே'யில் பிராங்ஸில் இருக்கும் கிம் தன் தலைமுடியை அலசுகிறாள். கதையே அதுதான். கட்டிவைத்த முடியை அவிழ்ப்பது, சிக்கெடுப்பது, தண்ணீர், எண்ணெய், பின்னல், நடுவில் கூட இருக்கும் தோழியோடு பேச்சு. நெருக்கமான, சுருள் சுருளான முடிக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்பதை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை, கோடுகளே அதைச் செய்கின்றன. இதை ஒருவரிடம் கொடுத்தேன், "ஒண்ணுமே நடக்கலையே" என்று திருப்பித் தந்தார். அழ வைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

இதன் தம்பிதான் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஓர் இனத்தையே புரிந்துகொண்டதாக நினைப்பது. ஜீன் லுவென் யாங், ஏட்ரியன் டொமீனே, தீ புய் மூவரையும் ஆசிய அமெரிக்கர் என்று ஒரே தட்டில் வைக்கலாம்தான். ஆனால் டொமீனேவின் 'ஷார்ட்கமிங்ஸ்' நாயகன் எல்லோரையும் எரிச்சலூட்டும் சிடுமூஞ்சி, தீ புய் வியட்நாமிலிருந்து கடல்வழி தப்பிவந்த தன் பெற்றோரைப் புரிந்துகொள்ள முயல்கிறார், யாங் சீனப் புராணத்தின் குரங்கு அரசன் கதையையும் பள்ளிக்கூடத்தையும் ஒன்றாகப் பின்னுகிறார்.

யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' பற்றிச் சொல்லும்போது இன்னொரு தவறும் நினைவுக்கு வருகிறது, கடையில் நின்றபடி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து முடிவு கட்டுவது. நான் செய்தேன். கண்ணில் பட்டது சின்-கீ என்ற பாத்திரம்: துருத்திய பல், மஞ்சள் தோல், குதறிய ஆங்கிலம், கட்டத்தின் அடிவிளிம்பில் டிவி நகைச்சுவைத் தொடர் போல 'ஹா ஹா ஹா' என்று சிரிப்பொலி எழுத்தாகவே ஓடுகிறது. என்ன அசிங்கம் இது என்று வைத்துவிட்டேன். அந்த அசிங்கம்தான் அவர் வைத்த பொறி என்று முழுசாகப் படித்தபோதுதான் தெரிந்தது. யார் சிரிக்கிறார்கள், எதைப் பார்த்து என்று கடைசியில் புத்தகத்தில் தனித்தனியாக ஓடும் மூன்று கதைகளும் ஒன்றாகும் இடத்தில் அந்தச் சிரிப்பொலி தொண்டையில் சிக்கும். 2006-ல் அமெரிக்கத் தேசியப் புத்தகப் பரிசின் இறுதிப்பட்டியலுக்குப் போன முதல் கிராஃபிக் நாவல் அது.

எங்கே தேடுகிறோம் என்பதும் சிக்கல். காமிக்ஸ் கடையின் சூப்பர் ஹீரோ அலமாரியோடு நின்றுவிட்டால் பாதிக்கு மேல் கண்ணிலேயே படாது. ஜாக்கி ஓர்ம்ஸ் 1937-ல் 'டார்ச்சி பிரவுன்' வரைந்தது 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் வார இதழில். 1947-ல் ஓரின் எவான்ஸ் பிலடெல்பியாவிலிருந்து கொண்டுவந்த 'ஆல்-நீக்ரோ காமிக்ஸ்' ஓர் இதழோடு நின்றது, இரண்டாம் இதழுக்குக் காகிதம் விற்கவே ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். 1993-ல் டுவெய்ன் மெக்டஃபியும் நண்பர்களும் மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள், டிசி என்ற பெரிய பதிப்பகம் அச்சிட்டு விநியோகித்தது, உரிமை மட்டும் மைல்ஸ்டோனிடம். 'ஸ்டாட்டிக்', 'ஐகான்' எல்லாம் அங்கே வந்தவை, இப்போது கனத்த தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. சிறுவர் பகுதியையும் விடாதீர்கள், ஜெர்ரி கிராஃப்ட்டின் 'நியூ கிட்' அங்கேதான் இருக்கும், அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 2020-ல் வாங்கிய முதல் கிராஃபிக் நாவல், பெரியவர்கள் படித்தால் குறைந்துபோக மாட்டார்கள். நூலகம் என்றால் டூவி வகைப்பாட்டில் 741.5 என்ற எண். வெப்காமிக், வாசகர்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம், நியூயார்க்கின் ஹார்லெமில் ஷோம்பர்க் மையம் நடத்தும் கறுப்பினக் காமிக்ஸ் விழா என்று வழிகள் நிறைய. அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் மட்டும் கடை வாசலில் அடுக்கி மார்ச்சில் எடுத்துவிடுகிறார்களே, அந்த மேசையை மட்டும் நம்பாதீர்கள்.

மாத இதழாக வரும் தொடரை 'தொகுப்பா வரட்டும், வாங்கிக்கலாம்' என்று காத்திருப்பது, இதில் நம் தப்பு பாதி, தொழிலின் தப்பு பாதி. அமெரிக்கக் காமிக்ஸ் கடைக்காரர் மாத இதழ்களை இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே ஆர்டர் செய்கிறார், விற்காத பிரதியைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. அதனால் தெரியாத பெயரென்றால் இரண்டு பிரதியோடு நிறுத்திவிடுவார். பதிப்பகம் அந்த ஆர்டரை வைத்தே தொடரின் ஆயுளை முடிவு செய்யும். 2017-ல் கோட்ஸ் பங்கேற்ற 'பிளாக் பாந்தர் அண்ட் தி க்ரூ' இரண்டு இதழ் வெளிவந்திருந்தபோதே நிறுத்தப்படும் என்ற செய்தி வந்துவிட்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை. ஒரு தொடர் பிடித்திருந்தால் கடைக்காரரிடம் பெயரைச் சொல்லி முன்பதிவு செய்துவிடுங்கள். முதலிலிருந்தே புத்தகமாக வருபவற்றுக்கு இந்த அவசரம் இல்லை.

கடைசியாக, எதையும் முதல் பாகத்திலிருந்துதான் படிப்பேன் என்ற பிடிவாதம். ஹெர்னாண்டஸ் சகோதரர்களின் 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' 1981-ல் அவர்களே அச்சிட்டுத் தொடங்கியது, கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் வளர்ந்த மெக்சிக அமெரிக்கர்கள். சகோதரர்களில் ஒருவரான ஹைமேயின் பாத்திரங்கள் மேகியும் ஹோப்பியும் நம்மோடு சேர்ந்து வயதாகிறார்கள், பங்க் இசைக்கு ஆடிய பெண்கள் நடுவயதுக்கு வந்து நிற்கிறார்கள். ஆனால் முதல் தொகுப்பில் ராக்கெட்டும் டைனோசரும் குறுக்கே ஓடும், அவர் இன்னும் தன் கதையைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். அங்கேயே மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். ஹைமே என்றால் 'தி கேர்ள் ஃப்ரம் ஹாப்பர்ஸ்', இன்னொரு சகோதரர் கில்பர்ட் என்றால் 'ஹார்ட்பிரேக் சூப்'. இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள், ராக்கெட்டுக்கு அப்புறம் திரும்பி வரலாம்.