0.1 + 0.2 எவ்வளவு? நிரல் எழுதப் பழகுவோருக்கு ஒரு சோதனை

நிரலில் பிழை வந்தால் புதிதாகப் படிப்பவர்கள் ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு வரி. கடைசியில் எப்படியோ ஓடிவிடும், ஏன் ஓடியது என்று மட்டும் தெரியாது. வருடக்கணக்கில் இப்படி எழுதினாலும் கை பழகுமே தவிர தேர்ச்சி வராது. ஓட்டுவதற்கு முன்பே "இந்த விடை வரும், இந்தக் காரணத்தால்" என்று சொல்லிப் பழக வேண்டும். பைத்தான் என்ற நிரல் மொழி உள்ள கணினி இருந்தால் இப்போதே தொடங்கலாம்.

படி 1: முதலில் எழுதுங்கள்

பைத்தானைத் திறந்து இதைத் தட்டுங்கள். எண்டர் அழுத்துமுன் விடையைத் தாளில் எழுதிவிடுங்கள். மனதுக்குள் வைத்திருந்தால், விடையைப் பார்த்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் மாற்றிச் சொல்லும்.

0.1 + 0.2

திரையில் வருவது: 0.30000000000000004

படி 2: காரணம் சொல்லுங்கள், அதை உடைக்கப் பாருங்கள்

முதலில் தோன்றும் விளக்கம்: "தசம எண்களைப் பைத்தான் தப்பாகக் கூட்டுகிறது." 1.1 + 2.2 போட்டால் 3.3000000000000003 வரும். விளக்கம் உறுதியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் சாதகமான சோதனைகளை அடுக்குவதில் பயனில்லை. எது நடந்தால் என் விளக்கம் பொய்யாகும் என்று தேடிப் போங்கள்.

0.5 + 0.25

விடை 0.75. விளக்கம் விழுந்தது.

படி 3: அடுத்த விளக்கம்

கணினி எண்களை இரும முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால், வைக்கிறது. 1/2, 1/4, 1/8 போன்றவற்றைக் கூட்டி எழுத முடிகிற பின்னங்கள் அதில் முழுமையாக அடங்கும். 1/10 அடங்காது, நம் முறையில் 1/3 என்பது 0.333... என்று முடிவில்லாமல் போகிறதே, அந்த மாதிரி. கணினியில் தசம எண்களை எப்படி வைப்பது என்று சொல்லும், 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி 64 பிட் (இரும இலக்கம்) எண்ணில் 53 பிட் அளவுக்குத்தான் துல்லியம் உண்டு. ஆகவே 0.1 என்று தட்டினால் அதற்கு மிக அருகில் உள்ள எண்ணே சேமிக்கப்படுகிறது.

இதையும் உடைத்துப் பார்ப்போம். 0.1 துல்லியமில்லை என்றால் 0.1 + 0.1 தப்பாக வர வேண்டுமல்லவா? வருவதோ 0.2!

இங்கே கோட்பாட்டைக் கைவிடுவதா, காப்பாற்றுவதா? காப்பாற்ற வழி இருக்கிறது: ஓர் எண்ணை இரட்டித்தால் இருமத்தில் இலக்கங்கள் மாறுவதில்லை, இரண்டின் அடுக்கு மட்டும் ஒன்று கூடுகிறது. 0.1-இன் பிழையும் இரட்டித்து, நேராக 0.2 என்று தட்டினால் கிடைக்கும் அதே எண்ணாகிறது. இது வெறும் சமாளிப்பாகவும் இருக்கலாம். அப்படியில்லை என்று காட்ட, புதிதாக ஏதாவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும்: எந்தத் தசம எண்ணை அதனுடனேயே கூட்டினாலும் விடை சுத்தமாக வரும். 0.3 + 0.3, 0.7 + 0.7, 1.1 + 1.1 போட்டுப் பாருங்கள்: 0.6, 1.4, 2.2.

வானியலில் இதே கேள்வி பெரிய அளவில் எழுந்தது. யுரேனஸின் பாதை நியூட்டனின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் காலே என்ற வானியலாளர் அதைக் கண்டுபிடித்தார், கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள். அதுதான் நெப்டியூன். புதனின் பாதையும் விலகியபோது, 1859-இல் லெ வெரியே அதே வகை விளக்கத்தையே சொன்னார். வல்கன் என்று பெயரிடப்பட்ட அந்தக் கோளைப் பல ஆண்டுகள் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புதிய ஈர்ப்புக் கோட்பாடுதான் அந்த விலகலை விளக்கியது. ஒரே ஆள், ஒரே தர்க்கம். எது சரி என்று வானத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

படி 4: பயிற்சி

0.1-ஐப் பத்து முறை கூட்டல் குறி போட்டு எழுதுங்கள். விடையைக் கணித்த பிறகே எண்டர். வரப்போவது 0.9999999999999999. எத்தனையாவது கூட்டலில் விடை முதலில் விலகுகிறது, எங்கே மறுபடி சேர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பணம் தொடர்பான நிரல் எழுதினால் 19.90 ரூபாயை 1990 பைசா என்று முழு எண்ணாகவே வைத்துக் கூட்டுங்கள். காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள்.