கட்டடத்தில் எதை எப்போது முடிவு செய்வது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கட்டுமானத் திட்டம் கையைச் சுட்டுவிட்டால் டிசைன் சரியில்லை, பட்ஜெட் போதவில்லை என்பார்கள். கிளறிப் பார்த்தால், பல நேரம் ஏதோ ஒரு முடிவு முந்தியிருக்கும் அல்லது பிந்தியிருக்கும்.

முந்தியதற்குப் பெரிய சாட்சி சிட்னி ஓபரா ஹவுஸ். கூரையை எப்படிக் கட்டுவது என்றே தீராத நிலையில், அரசியல் அவசரத்தால் 1959-ல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கூரைக்கான வடிவக் கணக்கு 1961-ல்தான் பிடிபட்டது. அதற்குள் எழுப்பியிருந்த தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து, மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட கணக்கு, 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சத்தில் வந்து நின்றது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் முதல் கோணல் அதுதான்.

மண் பரிசோதனை செய்யாமல், எத்தனை மாடிக்கு அனுமதி கிடைக்கும் என்று பார்க்காமல் நிலத்துக்கு முழுப் பணத்தையும் கட்டுவதும் இதே ரகம். அட்வான்ஸோடு நிறுத்தி அவகாசம் வாங்குங்கள்.

பிந்துவதற்கு லிஃப்ட்டைச் சொல்லலாம். எந்த கம்பெனி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். குழியின் ஆழமும், உச்சியில் விட வேண்டிய உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கான்கிரீட் இறுகிய பிறகு வருகிறவர் இன்னும் 10 செ.மீ. ஆழம் கேட்டால், அடித்தளத்தையும் நீர்க்கசிவுத் தடுப்பையும் உடைக்க வேண்டும், இல்லையென்றால் கிடைக்கிற லிஃப்ட்டோடு சமாதானமாக வேண்டும். ஏசி குழாய்க்கு பீமில் விட வேண்டிய துளையும் அப்படியே. வரைபடத்தில் அது ஒரு சின்ன வட்டம். பின்னால் துளைக்கப் போனால் உள்ளே கம்பி மாட்டும்.

அதற்காக எல்லாவற்றையும் முதல் நாளே முடிவு செய்வதும் தப்பு. டைல்ஸின் நிறத்தை இப்போதே உறுதி செய்தால், ஒட்டும் நேரத்தில் அந்த மாடலே சந்தையில் இருக்காது. ஆனால் டைல்ஸும் அதன் கீழ்ப் பூச்சும் சேர்ந்து எவ்வளவு கனம் என்பது முன்பே வேண்டும், ஏனென்றால் தரைமட்டமும் குளியலறைச் சரிவும் கதவின் உயரமும் அதை வைத்துத்தான். ஒரே முடிவைப் பெரும்பாலும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கூட்டக் குறிப்பில் 'பிறகு' என்று எழுதி வைக்காதீர்கள். பொருத்த வேண்டிய நாளிலிருந்து, வந்து சேரும் காலம், தயாரிப்புக் காலம், வரைபட ஒப்புதல் என்று பின்னோக்கிக் கழித்தால் கடைசித் தேதி கிடைத்துவிடும். அந்தத் தேதியையும், முடிவு சொல்ல வேண்டியவர் பெயரையும் எழுதுங்கள்.